வந்தேறிகள் வளர்த்த தமிழ்

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. கொஞ்சம் காரமாவும் இருக்கும். தென்காசிக்காரன் எழுதுறது, பொறுத்துக்கோங்க மக்கா.

நம்ம பதிவர்கள் மத்தியில மொழி பத்தின சண்டை எப்ப வந்தாலும் ரெண்டு வசனம் தவறாம வந்து நிக்கும். ஒண்ணு, "பொழைக்கப் போனவன் என்னத்தத் தமிழ் வளர்க்கப் போறான், ரெண்டு தலைமுறையில எல்லாம் காணாமப் போயிரும்." இன்னொண்ணு, "வந்தேறிகளாலதான் மொழியே கெட்டுது." வேடிக்கை என்னன்னா, ரெண்டையும் சொல்றது பெரும்பாலும் ஒரே ஆளு. போனவனும் ஆகாது, வந்தவனும் ஆகாது. அப்ப மொழியை யாருதான்வே காப்பாத்துறது? சொந்த ஊர் டீக்கடைப் பெஞ்சை விட்டு எந்திரிக்காதவரா?

என் கட்சி நேர் எதிர். ஒரு மொழி, தான் சிறுபான்மையா இருக்கிற மண்ணுல உயிரோட இருக்கணும்னா, அந்த மொழி பேசுற புது ஆட்கள் அங்க வந்துக்கிட்டே இருக்கணும். வந்தவங்க கையைக் கட்டிக்கிட்டு நிக்காம பள்ளிக்கூடம் கட்டணும். முன்னாடியே அங்க இருக்கிறவங்க, "உன் பேச்சு ஒரு தினுசா இருக்கே"ன்னு நக்கலடிக்காம அவங்களை உள்ள விடணும். இதுல ஒண்ணு தவறினாலும் கதை கந்தல். "வந்தேறி"ங்கிறதை வசவாப் பயன்படுத்துற அண்ணாச்சிமாருக்கு இது கசக்கும். கசக்கட்டும்.

ஆதாரம் கேப்பீங்க. எங்க பக்கத்துலயே இருக்கு.

சீசனுக்குக் குற்றாலம் வர்றவங்க மெயினருவி, ஐந்தருவி, பழைய அருவின்னு மூணு குளியல் போட்டுட்டு, எண்ணெய் வழிய புரோட்டா தின்னுட்டு ஊருக்குத் திரும்பிருவாங்க. தென்காசியிலேர்ந்து வடக்கே 15 கிலோமீட்டர் சொச்சம் போனா கடையநல்லூர்னு ஒரு ஊர் இருக்குறதைப் பாதிப் பேர் பஸ் ஜன்னல் வழியாத்தான் பார்த்திருப்பாங்க. தறி ஓடின ஊர். கைத்தறி நொடிச்சுப்போன காலத்துல, போன நூற்றாண்டின் முதல் பாதியில, அங்கேயும் தென்காசியிலேயும் இருந்த நெசவாளி முஸ்லிம் குடும்பங்கள் நிறைய பேர் கப்பல் ஏறி சிங்கப்பூர் போனாங்க. பெரிய வணிகர்கள் கிடையாது. பாவும் ஊடையும் தவிர வேற தொழில் தெரியாத சனம். அங்க போய் துறைமுகத்துல மூட்டை தூக்கினாங்க, சில்லறை வியாபாரம் பார்த்தாங்க.

இதுல ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். கடற்கரை ஊர்கள்லேர்ந்து மலாயா, சிங்கப்பூர் போன தமிழ் முஸ்லிம் வியாபாரிகள்ல பெரும்பாலோர் ஆம்பளைங்க மட்டும் போவாங்க, சம்பாதிப்பாங்க, ஊருக்கு வந்து போவாங்க. குடும்பம் இங்கதான் இருக்கும். எங்க பக்கத்துச் சனம் அப்படியில்ல. பொண்டாட்டி பிள்ளைகளோட போச்சு. தஞ்சோங் பகார் பக்கம் குடியேறுச்சு. பொம்பளைங்களும் சும்மா இருக்கல, வீட்டுல மசாலா அரைச்சு வித்தாங்க. சிங்கப்பூர்க்காரன் கறிக்கொழம்புல எங்க ஊர் அம்மியோட ருசி கலந்திருக்குன்னு நான் அடிக்கடி பீத்திக்கிறது இதை வெச்சுத்தான் :-)

அம்மா கூட இருந்தா மொழி வீட்டுல இருக்கும். தாலாட்டும் வசவும் தமிழ்ல இருக்கும். ஆம்பளை மட்டும் போய்ப் பத்து வருசம் சம்பாதிச்சுட்டுத் திரும்பி வந்தா அங்க கடை இருக்கும், மொழி இருக்காது. கணக்குப் புத்தகத்துல தமிழ் எழுதினா மட்டும் போதாது, பிள்ளைக்குச் சோறு ஊட்டுறப்ப தமிழ் வரணும்.

சரி, பிள்ளை பிறந்தாச்சு. பள்ளிக்கூடம்? 1941இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் ஆரம்பிச்சாங்க. அதுக்கடுத்தது ஜப்பான்காரன் ஆண்ட காலம், சிங்கப்பூரே பட்டினி கிடந்த காலம். போர் முடிஞ்ச மறு வருசம், 1946இல், அந்தச் சங்கம் தஞ்சோங் பகார்ல ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம் திறந்துச்சு. பேரு உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளி. யோசிச்சுப் பாருங்க. வயித்துக்கே வழி தேடிக்கிட்டிருந்த நேரத்துல மூட்டை தூக்குறவனும் மசாலா அரைக்கிறவளும் சேர்ந்த ஒரு சமூகம் முதல்ல கட்டுனதுல ஒண்ணு தமிழ்ப் பள்ளிக்கூடம். அதுக்கு வெச்ச பேரு சீறாப்புராணம் பாடின புலவரோடது. அந்தப் புலவர் அடங்கியிருக்கிறது எங்க பழைய திருநெல்வேலிச் சீமை எட்டயபுரத்துல. பேர் வைக்கத் தெரிஞ்ச சனம்யா அது!

1960இல் அது உயர்நிலைப் பள்ளியா வளர்ந்துச்சு. கடைசிப் பரீட்சை வரைக்கும் பாடமெல்லாம் தமிழ்லயே படிக்கலாம்னு சிங்கப்பூர்ல ஒரு இடம் இருந்துச்சுன்னா அது இதுதான். 1982இல் மூடிட்டாங்க. ஏன்? பிள்ளைகள் வரல. தமிழ்ப் பெத்தவங்க இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டாங்க. இதை மறைச்சுட்டுப் பெருமை மட்டும் பேசினா நான் யோக்கியன் இல்ல. ஆனா அந்தப் பேரு சாகல. 1983இல் அதே உமறுப்புலவர் பேர்ல தமிழ் மொழி நிலையம் வந்துச்சு. தன் பள்ளியில தமிழ் வகுப்பு இல்லாத சிங்கப்பூர்ப் பிள்ளை பள்ளி விட்டதும் அங்க போய்த் தமிழ் படிக்குது. கடையநல்லூர் தறிக்காரன் வெச்ச பேரு ஒரு அரசாங்க நிலையத்தோட வாசல்ல நிக்குது.

இங்க ஒரு சின்ன ஆத்திரத்தைக் கொட்டிக்கிடுதேன். குற்றாலத்தையும் தமிழையும் சேர்த்துச் சொன்னா எல்லாருக்கும் ஞாபகம் வர்றது ரசிகமணி டி.கே.சி. வரட்டும், தப்பில்ல. அவர் கம்பனை ரசிச்ச அழகுக்கு நானும் அடிமை. ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடி இங்க வந்தது எங்க ஊருக்குப் பெருமைதான். ஆனா அதே மலையடிவாரத்துலேர்ந்து புறப்பட்டுப் போய்க் கடல் தாண்டி ஒரு பள்ளிக்கூடம் நட்ட நெசவாளியை எந்த இலக்கிய விழாவுல பேசுறோம்? ரசிச்சவனுக்கு மண்டபம், நட்டவனுக்கு ஒரு வரி கூட இல்ல. என்ன நியாயம்வே இது?

கோ. சாரங்கபாணியும் வந்தேறிதான். திருவாரூர்க்காரர், 1924இல் 21 வயசுல சிங்கப்பூர் போனவர். 1935இல் தமிழ் முரசு ஆரம்பிச்சார். 1950கள்ல மலாயாப் பல்கலைக்கழகத்துல தமிழுக்கு இடம் கேட்டு "தமிழ் எங்கள் உயிர்"னு நிதி திரட்டினார். கூலி வேலை பார்த்தவங்களும் காசு போட்ட நிதி அது. கூடவே தமிழனைப் பார்த்து, "இங்கயே குடியுரிமை வாங்கு, மூட்டை முடிச்சோட நிக்காதே"ன்னு தலையில அடிச்சுச் சொன்னார். இந்த ரெண்டாவது வேலையை நம்மாளுங்க யாரும் பேசுறதில்ல. மொழிக்கு நிதி திரட்டுறது ஒரு பாதின்னா, வந்த ஊரைச் சொந்த ஊராக்குறது மறுபாதி. 1965இல் சிங்கப்பூர் தனி நாடானப்ப நாலு ஆட்சிமொழிகள்ல ஒண்ணாத் தமிழ் உட்கார்ந்ததுன்னா, அந்த நாற்காலியைச் செஞ்ச தச்சர்கள் இவங்கதான்.

இப்ப மறுபக்கம் பாப்போம். வரத்து நின்னுபோன இடத்துல என்ன ஆச்சு?

ரியூனியன் தீவு. இந்தியப் பெருங்கடல்ல பிரெஞ்சுக்காரன் கையில இருக்கிற தீவு. 19ஆம் நூற்றாண்டுல கரும்புத் தோட்டத்துக்கு நம்ம ஆட்களை ஒப்பந்தக் கூலிகளா அள்ளிக்கிட்டுப் போனாங்க. அங்க பட்ட கொடுமைகளைப் பார்த்து 1882இல் பிரிட்டிஷ் அரசாங்கம் ஆள் அனுப்புறதை நிறுத்துச்சு. கதவு சாத்தினது சாத்தினதுதான். இன்னிக்குப் போய்ப் பாருங்க, கோவில் இருக்கு, காவடி இருக்கு, தீமிதி இருக்கு. பேருல தமிழ் இருக்கு, அதுவும் பிரெஞ்சு எழுத்துல கோணி மாணி எழுதின தமிழ். ஆனா வீட்டுல பேசுறது கிரியோல். தமிழ், ஆசையா வகுப்புல போய்ப் படிக்கிற மொழி. தென்னாப்பிரிக்காவுலயும் கிட்டத்தட்ட இதே கதை. 1860இல் ஆரம்பிச்ச கூலிக்கப்பல் 1911இல் நின்னுச்சு, அப்புறம் நிறவெறிச் சட்டம். கோவில் நின்னுச்சு, மொழி நடந்து போயிருச்சு.

அவங்க விட்டுட்டாங்கன்னு நான் குத்தம் சொல்லல. பிரெஞ்சுப் பள்ளிக்கூடம் திணிச்சது, தோட்டத்துல பல மொழிக்காரங்க கலந்தது, எல்லாம் உண்டு. ஆனா ஊர்லேர்ந்து புதுசா ஒரு அத்தையோ ஒரு வாத்தியாரோ வந்து இறங்காம நூறு வருசம் ஒரு மொழியை யாரு தாங்குவா? எங்க ஐந்தருவியைப் பாருங்க. மலைக்கு மேல மழை பேஞ்சாத்தான் அருவி. மழை நின்ன ரெண்டு மாசத்துல வெறும் பாறை. "பாறைக்கு விசுவாசம் இல்ல, தண்ணியை விட்டுருச்சு"ன்னு யாராவது சொல்வாங்களா?

இதை நல்லாப் புரிஞ்சுக்கிட்ட கூட்டம் ஒண்ணு இருக்கு. கனடாவுல கியூபெக்குக்கு வெளிய இருக்கிற பிரெஞ்சுக்காரங்க. கியூபெக்ல பிரெஞ்சு ராஜா. ஒன்டாரியோ, மனிடோபா மாதிரி மாகாணங்கள்ல அது பிழைச்சுக் கிடக்கிற மொழி. சாதாரண அடி இல்ல அவங்க வாங்கினது. மனிடோபாவுல 1890இல் பிரெஞ்சோட ஆட்சிமொழி அந்தஸ்தைப் பிடுங்கினாங்க. ஒன்டாரியோவுல 1912இல் 17ஆம் விதின்னு ஒண்ணு போட்டு, முதல் ரெண்டு வகுப்புக்கு மேல பிரெஞ்சுல பாடம் நடத்தக் கூடாதுன்னாங்க. அது தளர 1927 வரைக்கும் போராட வேண்டியிருந்துச்சு. 1982இல் வந்த உரிமைச் சாசனத்தோட 23ஆம் பிரிவுலதான் சிறுபான்மை மொழிப் பள்ளிக்கு உறுதி கிடைச்சுது. அதுலயும் ஒரு கொக்கி: பிள்ளைகளோட எண்ணிக்கை போதுமானதா இருந்தாத்தான் பள்ளி. ஆளு இல்லன்னா உரிமை காகிதத்துல.

எண்ணிக்கையோ இறங்கிக்கிட்டே போச்சு. கியூபெக்குக்கு வெளிய பிரெஞ்சை முதல் ஆட்சிமொழியாக் கொண்டவங்க 1971இல் 6 சதவீதம் சொச்சம். 2021இல் 3.3 சதவீதம். அப்ப என்ன பண்ணினாங்க? நம்மாளுங்க மாதிரி, "தூய ரத்தம் யாரு"ன்னு பட்டிமன்றம் வைக்கல. பிரெஞ்சு பேசுற குடியேறிகளைத் தேடினாங்க. காங்கோ, கேமரூன், ஐவரி கோஸ்ட், மொராக்கோ, ஹைட்டி. வந்தவங்கள்ல பல பேருக்குப் பிரெஞ்சு தாய்மொழியே கிடையாது. வீட்டுல லிங்காலாவோ அரபியோ கிரியோலோ பேசிட்டு, பள்ளிக்கூடத்துல பிரெஞ்சு படிச்ச சனம். அதுலயும் காலனி ஆட்சி அவங்க தலையில கட்டின பிரெஞ்சு! "இவங்களை எங்க ஆளா எண்ணலாமா?"ன்னு அங்கயும் முணுமுணுப்பு எழத்தான் செஞ்சுது. ஒன்டாரியோ அரசாங்கம் 2009இல் கணக்கெடுக்கிற வரையறையையே மாத்துச்சு. தாய்மொழி வேறயா இருந்தாலும், பிரெஞ்சு தெரிஞ்சு வீட்டுல அதைப் பேசினா அவனும் பிரெஞ்சுக்காரன்தான்னு.

நாடு முழுக்க (கியூபெக்கைத் தவிர்த்து) வர்ற குடியேறிகள்ல 4.4 சதவீதம் பிரெஞ்சு பேசுறவங்களா இருக்கணும்னு 2003இல் ஒரு இலக்கு வெச்சாங்க. 2008க்குள்ள எட்டணும்னு திட்டம். எட்டல. 2023க்குத் தள்ளிப் போட்டாங்க. 2022இல் ஒருவழியா எட்டினாங்க. 2024இல் 7 சதவீதத்தையும் தாண்டிட்டாங்க. நடுவுல இருபது வருசம் வீணாப் போனது போனதுதான், அது அரசாங்கத்தோட மெத்தனம். ஆனாலும் ஒரு அரசாங்கம் உட்கார்ந்து, "எங்க சிறுபான்மை மொழி பிழைக்க இத்தனை வந்தேறி வேணும்"னு நம்பர் போட்டு எழுதி வைக்குது பாருங்க. நம்ம ஊர்ல வந்தேறின்னா வசவு, அங்க அது வருசாந்திர இலக்கு!

இந்த இடத்துல விவரமான பதிவர் ஒருத்தர் கையைத் தூக்குவார். "அண்ணாச்சி, சிங்கப்பூருக்குத்தான் 1990கள்லேர்ந்து இந்தியாவுலேர்ந்து கம்ப்யூட்டர்காரங்க குவிஞ்சாங்களே. அப்புறமும் வீட்டுல அதிகமாத் தமிழ் பேசுறவங்க 2010இல் 3 சதவீதத்துக்கு மேல இருந்தது, 2020 கணக்கெடுப்புல 2.5க்கு இறங்கிருச்சே? உங்க கட்சி என்னாச்சு?"

நல்ல கேள்வி. நழுவ மாட்டேன். முதல்ல, புதுசா வந்த இந்தியர் எல்லாரும் தமிழ் பேசுறவங்க இல்ல. ரெண்டாவது, 1946இல் வந்தவன் பள்ளிக்கூடம் கட்டினான். இப்ப வர்றவன் வாட்சப் குரூப்பும் பொங்கல் விழாவும் நடத்துறான். விழா வேணாங்கல, நானும் ரெண்டு விழாவுல வாங்கிக் கட்டிக்கிட்டவன்தான். ஆனா விழா முடிஞ்சு வீட்டுக்குப் போற கார்ல பிள்ளைகிட்ட என்ன மொழியில பேசுறீங்க? கனடாவுல வந்த காங்கோக்காரன் பிள்ளையைப் பிரெஞ்சுப் பள்ளியில சேர்க்கிறான், அதனால பள்ளி தப்பிக்குது. சும்மா வந்து இறங்கினா மொழி வளராது, இறங்கினவன் எங்க போய் உட்காருறான்ங்கிறதுதான் பேச்சு.

மூணாவதுதான் எனக்கு ரொம்ப எரியுற சமாச்சாரம். பழைய சிங்கப்பூர்த் தமிழரும் புதுசாப் போன ஊர்த் தமிழரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்க்காத கதை. நம்மாளு போய் இறங்கின ரெண்டாம் நாளே, "இவங்க தமிழ் என்னங்க, பசியாறியாச்சாங்கிறாங்க, பாசார்ங்கிறாங்க"ன்னு சிரிக்கிறார். ஏன்யா, பசியாறுறதை விட நல்ல தமிழ் 'பிரேக்ஃபாஸ்ட் முடிச்சிட்டேன்'ல இருக்கா? காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கம் போய்க் கேட்டுப் பாருங்க, பசியாறுறது எவ்வளவு பழைய புழக்கம்னு தெரியும். பழைய ஆளு என்ன லேசா? "ஊர்க்காரங்க வந்து இங்க அலப்பறை பண்றாங்க, சாதியைத் தூக்கிட்டு வர்றாங்க"ன்னு முறைக்கிறார். சாதி விஷயத்துல அவர் சொல்றதுல நியாயம் இருக்கு. மத்ததுல இல்ல. அவரோட தாத்தாவும் ஏதோ ஒரு கப்பல்லேர்ந்து மூட்டையோட இறங்கின ஊர்க்காரர்தான். தமிழாசிரியர் வேணும், தமிழ்ல செய்தி வாசிக்க, நாடகம் எழுத ஆள் வேணும்னா ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் தேவை. முறைச்சுக்கிட்டு நின்னா ரெண்டு வீட்டுப் பேரனும் ஒரே மாதிரி இங்கிலீஷ்ல, "தாத்தா என்ன சொல்றார்?"னு அம்மாகிட்ட கேப்பான்.

கடைசியா எங்க ஊருக்கே வர்றேன். இதுக்குத்தான் கல்லெறி விழும்னு தெரியும்.

1956 நவம்பர் 1 வரைக்கும் செங்கோட்டை நம்ம மாநிலத்துல இல்ல, திருவிதாங்கூர்-கொச்சியில இருந்துச்சு. அதாவது இங்கேர்ந்து கூப்பிடு தூரத்துல இருக்கிற சனம் மலையாள அரசாங்கத்துக்குக் கீழ மொழிச் சிறுபான்மையா வாழ்ந்த சனம். புளியரை தாண்டி ஆரியங்காவுப் பக்கம் போனா இன்னிக்கும் தமிழ்க் குடும்பங்கள் அப்படித்தான் இருக்கு. அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு வேணும்னு நாம கேக்குறோம். கேக்கணும், அரசியல் சட்டத்தோட 350அ பிரிவே தொடக்கப் பள்ளியில தாய்மொழிக் கல்விக்கு வழி செய்யச் சொல்லுது. அதே வாயால, நம்ம ஊருக்குப் பிழைக்க வந்த பீகார்க்காரனைப் பார்த்து, "வடக்கன் வந்து குமியுறான், தமிழ் அழிஞ்சுது"ன்னா என்ன அர்த்தம்?

"ஓ, ஹிந்திக்குச் சொம்பு தூக்குறியா?"ன்னு அனானி அண்ணாச்சி இப்பவே டைப் பண்ண ஆரம்பிச்சிருப்பார். ஹிந்தியைச் சட்டம் போட்டுத் தலையில கட்டுறவனோட சண்டை போடணும், நானும் கூட வர்றேன். அவன் டெல்லியில உட்கார்ந்திருக்கான். மெயினருவிக் கடைத்தெருவுல துண்டு விக்கிற பையன் அவன் இல்ல. போன சாரலுக்கு அந்தப் பையன்கிட்ட நான் பேரம் பேசினேன். "அண்ணாச்சி, கட்டாதுல்லா, பத்து ரூவா சேர்த்துக் குடுங்க"ன்னான். "கட்டாதுல்லா"வாம்! சென்னையிலயே நாலு தலைமுறையா இருக்கிற என் சிநேகிதனுக்கு வராத திருநெல்வேலித் தமிழ் அது. அவன் தங்கச்சி இங்க அரசுப் பள்ளியில தமிழ் வழியில படிக்குதாம். நம்ம பிள்ளைகளை நாம இங்கிலீஷ் மீடியத்துல சேர்த்துட்டு, காலியாக் கிடந்த தமிழ் வகுப்புப் பெஞ்சுல அந்தப் பிள்ளை வந்து உட்கார்ந்திருக்கு. கனடாக்காரன் கணக்குப்படி பார்த்தா அந்தப் பிள்ளை யாரு? சொல்லுங்க. தமிழ்ப் பிள்ளையா, வந்தேறியா?

அவங்க வீட்டுல அவங்க மொழி இருக்கட்டும், அது அவங்க உரிமை. வெளிய பேச, படிக்க, எழுதத் தமிழ் வேணும்னு அவங்களே ஆசைப்படுறாங்க. ஆனா பெரியவங்களுக்கு எழுத்துக் கத்துக்குடுக்க ஊர்ல ஒரு ஏற்பாடு கிடையாது. பஸ் போர்டு படிக்கத் தெரியாம அந்தப் பையனோட அப்பா சுரண்டைக்குப் போறதுக்குச் செங்கோட்டை பஸ்ல ஏறியிருக்கார்.

தென்காசி, குற்றாலம், இலஞ்சி பக்கம் இருக்கிற பதிவர்கள் நாலு பேர் சேர்ந்தா வாரம் ஒரு நாள் ஒரு வகுப்பு நடத்தலாம். கரும்பலகை என்கிட்ட இருக்கு. இடத்துக்கு ஒரு வீட்டு மாடி பேசி வெச்சிருக்கேன், மழை பேஞ்சா ஒழுகும். எனக்கு சனிக்கிழமை சாயங்காலம் தோதுப்படும். ஞாயித்துக்கிழமை சீசன்ல அவங்களுக்கு வியாபாரம், கூப்பிட்டாலும் வர மாட்டாங்க. வர்றவங்க பின்னூட்டத்துல சொல்லுங்க. திட்ட வர்றவங்களும் வரலாம், ஆனா சாக்பீஸ் வாங்கிட்டு வாங்க.